மச்சான் செய்த கேமும் லிஃப்ட் மெக்கானிக்கின் லைப்ரரியும்

லிஃப்ட் மெக்கானிக்கின் கம்ப்யூட்டரில் இருந்த கேம்களை ஓர் ஆயுளில் விளையாடி முடிக்க முடியாது. அது அவருக்கே தெரியும். தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்டது பாதி, ஓசியில் தருகிறார்களே என்று அடித்துப் பிடித்து எடுத்துக்கொண்டது மீதி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆன்லைன் கடையில். எந்த கேமை எந்தக் கடையில் வாங்கினோம் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விளையாடுகிற ஆசையே செத்துப்போகும்.

அப்போதுதான் எல்லாக் கடைகளின் கேம்களையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் லைப்ரரி மென்பொருள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. போட்டதும் திரை முழுக்க அட்டைப்படங்கள் வரிசை கட்டி நின்றன. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்துபோனது. அந்த நிறைவிலேயே அவர் விளையாடுவதை விட்டுவிட்டார். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால், இந்தப் படம் மங்கலாக இருக்கிறது, அந்தப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று திருத்திக்கொண்டிருப்பார்.

"விளையாடினா கூடப் பரவாயில்ல," என்பாள் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்துவிட்டு வருகிறவள். "படத்தை இங்கிருந்து அங்க, அங்கிருந்து இங்க. கடைப்பையன் வேலைதானே இது?"

"கடைப்பையனுக்குச் சம்பளமாவது உண்டு," என்று அவரே எடுத்துக்கொடுப்பார். தன்னைக் கிண்டல் செய்வதில் அவர் யாருக்கும் முதலிடம் விட்டுக்கொடுத்ததில்லை.

எந்தக் கடையிலும் வாங்காத கேம்களையும் அந்த லைப்ரரியில் சேர்க்கலாம் என்று ஒருநாள் கண்டுபிடித்தார். கேமைத் திறக்கிற ஃபைலைக் காட்டி, பெயரை அடித்து, ஒரு படத்தை வைத்தால் முடிந்தது. பழைய சிடியிலிருந்து ஏற்றி வைத்திருந்த கார் ரேஸ் ஒன்றில் ஆரம்பித்தார். அந்த ஃபோல்டரில் ஏகப்பட்ட ஃபைல்கள். அழகான சின்னம் போட்டிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தார். விளையாட அழுத்தியதும், 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ரேஸுக்கு முன்னால் தைரியத்தைச் சோதிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, 'ஆமாம்' என்று ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார். அது கேமை நீக்குகிற ஃபைல். கார், ரோடு, மைதானம் எல்லாம் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் இதை யாரோ ஒருவனுக்கு நடந்ததாகச் சொன்னார். கூட வேலை செய்கிற எலெக்ட்ரீஷியன், "எவன் அந்த அறிவுக்கொழுந்து?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்துவைத்தார். வேறு வழி?

வேறு எதைச் சேர்க்கலாம் என்று துழாவியபோதுதான் மச்சானின் பழைய ஹார்ட் டிஸ்க் ஞாபகம் வந்தது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வீடு மாறும்போது ஒரு பெட்டி நிறைய ஒயர்களைக் கொண்டுவந்து, "உங்களுக்கு உதவும்னா வச்சுக்கோங்க அத்தான், இல்லன்னா தூக்கிப் போட்டுடுங்க," என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான். டிஸ்க் அதற்குள் கிடந்தது. அதில் 'கடைசி', 'கடைசி 2', 'நிஜமாவே கடைசி' என்று மூன்று ஃபோல்டர்கள்.

மூன்றாவதைத் திறந்தார். ஒரு கேம். டார்ச் பிடித்த காவலாளி ஒருவன், ஆளில்லாத பெரிய வீட்டில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போக வேண்டும்.

காலேஜ் முடித்த கையோடு மச்சான் இரண்டு வருஷம் வேலைக்குப் போகாமல் கம்ப்யூட்டரில் ஏதோ செய்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியும். வீட்டில் அதற்காக நடந்த சண்டையும் தெரியும். பிறகு இன்சூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்து, இடிபட்ட கார்களின் போட்டோவைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று எழுதப் போய்விட்டான். அந்தப் பேச்சை அதன்பின் யாரும் எடுத்ததில்லை.

மெக்கானிக் யோசித்தார். கேட்காமல் எடுப்பது சரியில்லை. கேட்டால் வேண்டாம் என்பான். ஆகவே கேட்கவில்லை. சரியான ஃபைல்தானா என்று இந்த முறை நன்றாகப் பார்த்துச் சேர்த்தார். கேமுக்குப் பெயர் இல்லை. 'மச்சான் கேம்' என்று அடித்தார். அட்டைப்படம் வேண்டுமே? தன் கல்யாண ஆல்பத்தில் மச்சான் அளவுக்கு மீறிய கோட்டுக்குள் தொலைந்துபோய் நிற்கிற படம் இருந்தது. அதை வெட்டி வைத்தார். பிரமாதமாக இருந்தது.

அப்புறம், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, உட்கார்ந்து விளையாடினார்.

இரண்டாவது மாடியில் ஒரு கதவு. திறக்கவில்லை. விளக்குகளை முன்பின்னாக மாற்றி அணைத்துப் பார்த்தார். டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டார். காவலாளியை ஓட வைத்து முட்ட விட்டார். சாயங்காலம் தவறாமல் அதே கதவு. ஊரெல்லாம் சிக்கிக்கொண்ட கதவுகளைத் திறந்து ஆட்களை வெளியே விடுகிறவர், வீட்டுக்கு வந்து ஒரு கதவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"உன் தம்பிக்கு என்ன மூளை!" என்றார் மனைவியிடம். "இப்படி ஒரு புதிரை நான் பார்த்ததே இல்ல."

ஒரு விஷயத்தை அவர் மறந்துபோனார். யார் என்ன விளையாடுகிறார்கள் என்று நண்பர்களுக்கு அந்த லைப்ரரி காட்டிக்கொடுக்கும். எப்போதோ சேர்த்த நண்பர்களில் மச்சானும் ஒருவன்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"அத்தான், என்ன விளையாடுறீங்க?"

"சும்மா... ஒரு ரேஸ்."

"ரேஸா? 'மச்சான் கேம்'னு காட்டுதே?"

மெக்கானிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். "அந்த டிஸ்க்ல இருந்துச்சு. கேட்காம எடுத்தது தப்புதான்," என்றார்.

"எதுவரைக்கும் போனீங்க?"

"ரெண்டாவது மாடிக் கதவு. மச்சான், விடையைச் சொல்லிடாதே. சின்னதா ஒரு க்ளூ மட்டும் குடு."

புரை ஏறினாற்போல ஒரு சத்தம். சிரிக்கிறான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அத்தான்... அது கதவே இல்ல. சுவத்துல வரைஞ்ச படம். பின்னாடி ஒண்ணுமே கிடையாது. அதோடதான் நான் விட்டுட்டேன்."

"அப்போ இத்தனை நாளா நான் சுவத்தோடயா மல்லுக்கட்டிட்டிருந்தேன்?"

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அப்படியே கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

போனில் மச்சான் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தான். "அதுவரைக்கும்... நல்லா இருந்துச்சா?"

மெக்கானிக்குக்கு இதற்கெல்லாம் அழகாகப் பதில் சொல்ல வராது. "மாடிப்படி விளக்கை அணைச்சதும் கீழ எங்கேயோ இன்னொண்ணு தானா எரியுது பாரு? கையில இருந்த டீயை அப்படியே மடியில கொட்டிட்டேன்."

"நிஜமாவா?"

"வேணும்னா உன் அக்காகிட்ட கேளு. கறை இன்னும் போகல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் லேப்டாப்போடு வந்து நின்றான். லைப்ரரியில் கோட்டுப் படத்தைப் பார்த்ததும் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. "இதை எடுங்க முதல்ல." "அட்டைப்படம் இல்லாம வச்சா வரிசையில அசிங்கமா இருக்கு மச்சான்." "இது இருந்தா மட்டும்?" வாக்குவாதத்தில் மச்சான்தான் ஜெயித்தான். பிறகு தான் எழுதிய பழைய புரோகிராமைத் திறந்து, "எந்த மடையன் இப்படி எழுதி வச்சிருக்கான்?" என்று தலையில் அடித்துக்கொண்டான். மெக்கானிக்குக்கு அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது. மடையன் பட்டத்துக்கு வீட்டில் துணை கிடைத்துவிட்டதே.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. இன்சூரன்ஸ் வேலையை மச்சான் விடவில்லை. நேரம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். கேமில் இருந்த வீட்டுக்கு மூன்றாவது மாடி முளைத்தது. சோதித்துப் பார்க்கிற பொறுப்பு மெக்கானிக்குக்கு. இல்லாத படியில் கால் வைத்தார், சுவருக்குள் புகுந்து மாட்டிக்கொண்டார், ஒருமுறை காவலாளியைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

"பத்துப் பேர் செய்ற தப்பையெல்லாம் நீங்க ஒருத்தரே செஞ்சுடுறீங்க அத்தான். எனக்கு இதைவிட என்ன வேணும்?" என்றான் மச்சான். மெக்கானிக் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு எலெக்ட்ரீஷியனிடமும் போய்ப் பெருமையடித்தார்.

ஒரு ஞாயிறு அவர் மூன்றாவது மாடியில் மறுபடி எங்கேயோ சிக்கி முழித்துக்கொண்டிருந்தார். "தள்ளுங்க," என்று மனைவி வந்து உட்கார்ந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவசரமே படாமல், கீழ் மாடியிலிருந்து ஆரம்பித்துக் கடைசி விளக்கு வரைக்கும் அணைத்து முடித்தாள்.

"இவ்வளவுதானா? அடுத்த மாடி எப்போடா?"

மச்சான் லேப்டாப்பைத் திறந்தான். நாற்காலி பறிபோனதை மெக்கானிக் அப்போதுதான் கவனித்தார். சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒன்றை இழுத்துவந்து, இரண்டு பேருக்கும் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.