எண்ணூர் ரோட்டில் மாட்டிய ஆட்டோவும் என் பேத்தி போன மாநாடும்

மாதாவை நம்பியிருக்கும் என் சொந்தங்களே, போன வருஷம் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எண்ணூர் ரோட்டில் எங்கள் ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னால் துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிப்போகும் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர், இடது பக்கம் இன்னொன்று, வலது பக்கம் தடுப்புச் சுவர். தலைக்கு மேல் கொஞ்சூண்டு வானம். வெளியே காலை நீட்டினால் டயர்தான் இடிக்கும். பக்கத்தில் என் பேத்தி ஜெனி பையை மடியில் வைத்துக்கொண்டு போனில் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரைக்கு சென்ட்ரலில் ரயில். அப்போதே இரண்டு ஆகப்போகிறது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஜெனிதான் எழுதுகிறாள். அவளைப் பற்றி நல்லதாகச் சொன்னால் பேனாவை நிறுத்திவிடுகிறாள். அதட்டித்தான் எழுத வைக்கிறேன்.

ரயில் எதற்கென்றால், பெங்களூரில் ஒரு மாநாடு. பல ஊர்க் காலேஜில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் கூடி, தாங்களே ஆராய்ந்து எழுதியதை மற்றவர்கள் முன்னால் படிப்பார்களாம். ஜெனி எழுதியது எண்ணூர் கழிமுகத்தில் பெண்கள் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பற்றி. அதை நான் முப்பது வருஷம் செய்தவள். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழுவோம். இப்போது முட்டி போய்விட்டது. அது வேறு கதை.

அந்த மாநாட்டுக்குக் கூப்பிட்டுக் காலேஜிலிருந்து வந்த கடிதத்தை அவள் மூன்று வாரம் யாரிடமும் காட்டவில்லை. தாயில்லாப் பிள்ளை, அப்பனிடம் பயம். என் மகன் சேவியரும் டிரெய்லர்தான் ஓட்டுகிறான். கடைசியில் நான் போய் அவளை அனுப்பச் சொல்லி அவனிடம் கேட்டேன். அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்:

"ஒரே ஒரு தபா வுடுறேன். ரயிலு போச்சுன்னா அத்தோட வுட்டுடணும். அடுத்த வாரம் பொண்ணு பாக்க வராங்க."

ஜெனி எப்போதுமே பேச்சு குறைந்த பிள்ளை. காலேஜில் வீடு எங்கே என்று கேட்டால்கூட எண்ணூர் குப்பம் என்று சொல்லமாட்டாளாம், ராயபுரம் என்பாளாம்.

அன்றைக்கு மாட்டியது என் தப்பு. பதினோரு மணிக்கே கிளம்பலாம் என்றாள். பன்னிரண்டு மணி ஜெபம் முடித்து மெழுகுவத்தி வைக்காமல் போகக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு மணிக்கு மேல் ரோடு காலியாகிவிடும், டிரெய்லர்க்காரன் தாயாருக்குத் தெரியாதா என்று வாய் வேறு. ரோடு காலியாகவில்லை. என்ன காரணமோ, எர்ணாவூரிலிருந்து ஒரே வரிசை. டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்கள். அவர்கள் படுத்துவிட்டால் சீக்கிரம் நகராது என்று அர்த்தம்.

திருவொற்றியூர் வரைக்கும் ஊர்ந்து வந்தோம். அப்புறம் அதுவும் இல்லை. வெயில் ஆட்டோ கூரையில் இறங்குகிறது. மூச்சு முட்டுகிறது. நான்தான் இந்தப் பிள்ளையைப் பூட்டி வைத்தேன். ஜெபமாலையை எடுத்தேன். வெள்ளிக்கிழமை ஆண்டவர் பட்ட பாடுகளை நினைத்துச் சொல்கிற துயர மறையுண்மைகள். மூன்றாவதில், ஆண்டவருக்கு முள்முடி வைக்கிற இடத்தில், வாய் சொல்லவில்லை. அழுகைதான் வந்தது. அம்மா, எனக்கு வழி தெரியவில்லை, நீயே காட்டு என்றேன். முகத்தைத் துடைக்கக் குனிந்தேன். பக்கத்து டிரெய்லர் சக்கரங்களுக்கு நடுவில் கடல் தெரிந்தது. கரையில் ஃபைபர் போட்டுகள்.

வழி தெரிந்தது. ஆனால் அந்தக் கரை போட்டுக்காரர் பெண்சாதி லூர்துமேரியின் கரை.

எங்கள் பக்கம் மீன் தொழிலுக்குப் போகிற போட்டில் பெண்கள் கால் வைப்பதில்லை. அதில் என்னைப்போல் கண்டிப்பானவள் யாருமில்லை. பத்து வருஷம் முன்னால் லூர்துவின் சின்னப் பெண் விளையாட்டாகப் போட்டில் ஏறிவிட்டாள். நான் அவளை இழுத்துப்போட்டு, ஊர் பார்க்க அறைந்தேன். அன்றிலிருந்து லூர்து என் முகத்தைப் பார்த்ததில்லை.

இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் ஒருக்களித்து நுழைந்து, ஜெனியையும் இழுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். லூர்து வலை பிரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். போட்டில் கொண்டுபோய்க் காசிமேட்டில் இறக்கிவிட்டால் நெரிசலைத் தாண்டிவிடலாம், அங்கிருந்து சென்ட்ரல் கிட்ட.

"பொம்பள கால் பட்டா மீனு ஏறாதுன்னு சொன்ன வாயி தான இது?" என்றாள். "உன் பேத்தி கால்ல மட்டும் இன்னா தங்கமா கீது?"

"என் வாயி தப்பு லூர்து. உன் பொண்ண அட்ச்சதும் தப்பு. என்ன இன்னா வேணா திட்டிக்கோ. புள்ளைக்கி ரயிலு பூடும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜெனியை மேலும் கீழும் பார்த்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். ஜெனி மாநாட்டைப் பற்றிச் சொன்னாள். எங்கள் இறால்காரப் பெண்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றாள். லூர்துவின் தாயாரும் என்னோடு சேற்றில் கை தடவியவள்தான்.

லூர்து புருஷனைக் கூப்பிட்டாள். அவர் தயங்கினார், நாளைக்குத் தொழில் இருக்கிறது என்றார். இவள் புடவையைச் செருகிக்கொண்டு தானே முதலில் போட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மீனு கோச்சிக்கினா என்னாண்ட கோச்சிக்கட்டும். நீ மோட்டார எடு. கெயவி வாணாம், புள்ள மட்டும் ஏறட்டும்."

போட்டு போனபிறகு நான் மணலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்புறம் போன் வந்தது. "ஆயா, ஏறிட்டேன். காலேஜி மேடமும் கூட கீறாங்க."

மூன்று நாள் மாநாடு. வந்து சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள், இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பேச்சா என்று நான் வாயைப் பார்த்தேன். இவள் படித்து முடித்ததும் அசாமிலிருந்து வந்த ஒரு பெண் கேட்டாளாம், சேற்றுக்குள் இறால் இருப்பது கைக்கு எப்படித் தெரியும் என்று. இவளுக்கு இங்கிலீஷில் வார்த்தை வரவில்லை. கண்ணை மூடி, நான் செய்து காட்டியதுபோல் மேசைமேல் கையைத் தடவிக் காட்டினாளாம். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து கிட்ட வந்து பார்த்தார்களாம். ராஜஸ்தான் பையன் ஒருவன் அவர்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றிப் பேசினானாம். அங்கே கேள்வி கேட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்று யாரும் சொல்வதில்லையாம். பெரிய புரொபசரே ஒரு பிள்ளையிடம், இது எனக்குத் தெரியாது, நீ கண்டுபிடித்துச் சொல் என்றாராம். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அசாம் பெண் இன்றைக்கும் போன் பண்ணுகிறாள்.

ஜெனி இப்போது எண்ணூர் குப்பம் என்று சத்தமாகச் சொல்கிறாள். அப்பனிடமும் கேள்வி கேட்கிறாள். பெட்டி வண்டி எத்தனை மணி நேரம் நிற்கும், அந்த நேரம் நீ என்ன சாப்பிடுவாய் என்று. முதலில் முறைத்தான். இதுவரை அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. இப்போது பதில் சொல்கிறான். பெண் பார்க்க வர இருந்தவர்களிடம், பிள்ளை படித்து முடிக்கட்டும் என்று அவனே சொல்லிவிட்டான்.

அந்தத் தாய்க்குக் கோடி நன்றி. கடலைக் காட்டினாள். கடலுக்குப் போக, நான் அடித்த பிள்ளையின் தாய் முன்னால் என்னைக் குனியவும் வைத்தாள். இரண்டும் அவள் செய்ததுதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒரு கடிதம் வரலாம், அல்லது வந்து ஒளிந்திருக்கலாம். தேடுங்கள். நம்பி ஜெபியுங்கள். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து ஜெனி கோவிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள், மாநாட்டுக்கு எப்படி எழுதிப் போடுவது என்று சொல்லித் தருவாள். பெண் பிள்ளைகளை அனுப்புங்கள். அப்பன் வேண்டாம் என்றால் அந்த அப்பனை என்னிடம் அனுப்புங்கள்.