வட்ட முகம்

நீரிழிவையும் ஓமோன் சுரப்புக் கோளாறுகளையும் ஆராய்வது என் தொழில். நோயாளி சொல்வதையும் ஆய்வுகூடம் சொல்வதையும் எடுத்த எடுப்பில் நம்பாமல் இருக்கப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் எனக்கு வீட்டிலும் ஒட்டிக்கொண்டு, நல்ல தேத்தண்ணீரையும் ஒருமுறை மணந்து பார்த்துத்தான் குடிப்பேன்.

பரந்தனுக்கு உள்ளே, வாய்க்கால் கரையிலுள்ள ஒரு குடியேற்றத்தில் நீரிழிவு ஏன் கூடுகிறது என்று பார்க்கப் போயிருந்தோம். வாசிகசாலையில் மேசை போட்டு இரத்தம் எடுத்தோம். சனம் வந்தது, ஆனால் நம்பி வரவில்லை.

"இந்த இரத்தத்தை எங்க கொண்டுபோறியள்? ஆருக்குக் குடுக்கிறியள்?" என்று வயல் செய்யும் ஒருவர் கேட்டார். யுத்த காலத்தில் பெயர் பதிந்து ஆட்களைக் கொண்டுபோனவர்களை இங்கே சனம் மறக்கவில்லை. அதனால் நான் கோபிக்கவில்லை.

அவருடைய மனைவிதான் அப்போது கதிரையில் இருந்தார். முகம் ஊதி வட்டமாகி, கன்னம் சிவந்திருந்தது. கை கால்கள் மட்டும் மெலிந்து, தோலில் அங்கங்கே இரத்தம் கட்டிய நீலக் கண்டல்கள். இரத்தத்தில் சீனியும் கூடுதல். கோர்ட்டிசோல் என்ற ஓமோன் உடம்பில் அளவுக்கு மிஞ்சினால் ஆள் இப்படித்தான் மாறும்.

"அம்மா, ஏதும் மருந்து பாவிக்கிறீங்களோ?"

அவர் வாய் திறக்குமுன் கணவர் சொன்னார்: "ஒண்டும் இல்லை."

"நான் அம்மாட்டைத்தான் கேட்டனான்."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். "ஓம் டொக்டர், ஒண்டும் பாவிக்கிறேல்லை."

முடிவு வந்தபோது இரத்தத்தில் கோர்ட்டிசோல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆய்வுகூடம் பிழை விட்டிருக்குமென்று திரும்பவும் எடுப்பித்தேன். அதே முடிவுதான். முகம் ஓமோன் மிஞ்சியது என்கிறது, இரத்தம் வற்றியது என்கிறது. அப்படியென்றால் கோர்ட்டிசோலைப் போன்ற மருந்து ஒன்று வெளியிலிருந்து உடம்புக்குள் போகிறது. உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிட்டது. கொடுப்பது யார்? மனைவிக்காக முந்திக்கொண்டு பதில் சொன்ன அந்த மனிதர் மேல்தான் என் சந்தேகம் விழுந்தது.

அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அவர் படலையைத் திறக்கவில்லை. பக்கத்து வளவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். அவருக்கும் அதே வட்ட முகம். நான் மீண்டும் கணவரின் பக்கம் திரும்பினேன்.

"ஏதும் குடுக்கிறீங்களெண்டா திடீரெண்டு நிப்பாட்டிப் போடாதேங்கோ. ஆபத்து," என்றேன்.

"ஒண்டும் இல்லையெண்டு சொன்னனான்தானே!"

அடுத்த கிழமை அந்த அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஓயாத வாந்தி, மயக்கம், பிறசர் விழுந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அந்தக் கோர்ட்டிசோல் ஓமோனை ஊசியாகப் போடச் சொன்னேன். பின்னேரம் கண் திறந்தார்.

கணவர் வெளியே வாங்குப் பலகையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"என்ன குடுத்தனீங்கள்?"

"நீங்க பொலிசுக்குச் சொல்லுவியள்."

"எனக்கு அவாவைக் காப்பாத்த வேணும்."

ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார். "முழங்கால் நோவுக்கு ஒரு தூள். வற்றாப்பளைக் கோயில் பொங்கலில ஒருத்தன் வித்தவன். வெறும் வேரும் பட்டையும் எண்டவன். எழும்ப ஏலாமக் கிடந்தவா, அதுக்குப் பிறகு என்னோட வயலுக்கு வந்தவா, டொக்டர். பக்கத்து வீட்டாக்களுக்கும் நான்தான் எடுத்துக் குடுத்தனான். நீங்க துருவித் துருவிக் கேக்கப் பயந்துபோய், கிடந்ததையெல்லாம் வாய்க்காலுக்க கொட்டிப்போட்டன்." சொல்லிவிட்டு அழுதார்.

கொடுத்தது அவர்தான் என்று நான் நினைத்தது சரி. மனைவிக்குக் கேடு செய்யத்தான் கொடுத்தார் என்று நினைத்ததுதான் பிழை.

பக்கத்து வீட்டில் மிஞ்சியிருந்த தூளைப் பரிசோதித்தோம். கோர்ட்டிசோலைப் போல வேலை செய்யும் ஸ்டீரோயிட் குளிசைகளை அரைத்துக் கலந்திருந்தார்கள். கணவர் தானே வீடு வீடாகப் போய், தூள் பாவித்தவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துவந்தார்.

நான் எழுதிக் கொடுத்த குளிசையை அந்த அம்மா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதில என்ன இருக்கு?"

"அந்தத் தூளில இருந்த சாமான்தான். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிப்பாட்டுவம்."

"அப்ப அந்தத் தூள் வித்தவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

"நான் என்னெண்டு சொல்லிப்போட்டுத் தாறன்."

அவர் குளிசையைக் கணவரிடம் நீட்டினார். கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதல்ல நீங்க ஒண்டைப் போடுங்கோ, டொக்டர்," என்றார்.

போட்டேன். அதன் பிறகே அந்த அம்மா விழுங்கினார்.

முகம் வடிய மாதக்கணக்கானது. சீனியும் இறங்கியது. முழங்கால் நோ திரும்ப வந்துவிட்டது. அதற்கு வேறு வைத்தியம் நடக்கிறது. தூள் விற்றவன் கொடுத்துவிட்டுப் போன தொலைபேசி இலக்கம் இன்றுவரை வேலை செய்யவில்லை. எங்கள் கிளினிக் வரிசையில் வட்ட முகத்தோடு யார் வந்து இருந்தாலும், தூள் ஏதும் இருக்கிறதோ என்று அவருடைய கைப்பையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறேன்.