தட்டுறது கேக்கேல்ல

செவிடன் காதில் ஊதின சங்கு என்ற பழமொழியை ஜெயரூபிக்கு முன்னால் சொல்லிவிட்டு யாரும் தப்ப முடியாது. "எந்தக் காதில ஊதினது? வலமோ இடமோ? எந்த வயசில கேக்காமப் போனது?" என்று குறுக்கு விசாரணையைத் தொடங்கிவிடுவாள். பாலையூற்றில் அவள் குடியிருந்த ஒழுங்கை முழுக்க அது பகிடி. அவளுக்கோ அதுதான் வேலை.

திருகோணமலை உள்துறைமுகத்துக்குப் பின்னால், மான்கள் வந்து குப்பை மேயும் தெருவொன்றில், காது கேளாதவர்களுக்கென்று டொக்டர் முனீப் ஒரு சிறு நிலையம் நடத்தினார். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் இன்ஷிரா, வருகிறவர்களைச் சத்தம் புகாத அறைக்குள் இருத்திக் காதைச் சோதிப்பாள். அதற்கு முன் அவர்களோடு கதைத்து, சொல்வதையெல்லாம் தலைப்புவாரியாகக் கணினியில் ஏற்றுவது ஜெயரூபியின் பொறுப்பு. பல நாட்டு நிலையங்கள் சேர்ந்து செய்த ஆய்வு அது. ஒரே குறையை ஆளாளுக்கு ஒவ்வொரு பெயரில் எழுதி வைத்தால் சேர்த்துப் படிக்க ஏலாது. அதனால் எல்லோருக்கும் ஒரே தலைப்புகள்: எந்தக் காது, எவ்வளவு குறைவு, என்ன காரணம், முதலில் கேட்காமல் போன சத்தம் எது.

கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. கதிரையில் வந்து உட்காருகிற மனிசர் தலைப்புப் பார்த்தா கதைக்கிறார்கள்? ஒருவர் காதுக்குள் வண்டு என்பார். ஒருத்தி, கேக்குது பிள்ளை, விளங்குதில்லை என்பாள். இன்னொருவருக்குக் காதில் ஒரு குறையும் இல்லை, பெஞ்சாதிதான் வாய்க்குள் முணுமுணுக்கிறாளாம். வண்டை இரைச்சல் என்ற தலைப்பிலும், விளங்காததை அதற்குரிய இடத்திலும் போட்டு, பெஞ்சாதியை அவள் பாட்டில் விட்டுவிட்டு, ஜெயரூபி எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு போனாள். கெட்டிக்காரிதான். அந்தக் கெட்டித்தனத்தில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பிறகு கரையோரத்து இளம் பொடியன்கள் வரத் தொடங்கினார்கள். எந்தக் கரை என்று சொல்லமாட்டேன். எனக்கும் அந்தப் பக்கம் போய்வர வேண்டியிருக்கிறது. முதலில் வந்தவன் கிருஷாந்த். இரண்டு காதும் மோசம், எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். காரணம் கேட்டால், "ஷெல் சத்தம்." முதலில் என்ன கேட்காமல் போனது? "தட்டுறது கேக்கேல்ல." பின்னால் வந்தவர்களும் சொல்லிவைத்தாற்போல அதே இரண்டு பதில். ஜெயரூபி முதலாவதைப் போர் வெடியிலும், இரண்டாவதை வீட்டுச் சத்தங்களில் கதவு தட்டுதல் என்ற இடத்திலும் போட்டாள். சண்டை முடிந்த பிறகு பிறந்தவர்கள்கூட அதில் இருந்தார்கள். இந்த ஊரில் காது போனால் ஷெல் என்பதும், கால் போனால் மிதிவெடி என்பதும் ஆட்களுக்கு நாக்கில் ஊறிய பதில். யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

கேட்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுடைய தம்பி தர்மிகனும் அதே கரையில் தொழிலுக்குப் போகிறவன். தாய் தகப்பன் போனபின் அவள் வளர்த்த பிள்ளை. டிவியை ஊர் கேட்கப் போடுகிறான் என்று அவனையும் ஒருநாள் இழுத்துவந்து சோதிப்பித்தாள். அவனும் ஷெல் என்றான், தட்டுறது கேக்கேல்ல என்றான். அவன் கைக்குழந்தையாய் இருந்தபோது ஷெல் விழுந்ததும், அவனைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே புகுந்ததும் அவளுக்கு மறக்குமா? நம்பினாள். நம்புவது லேசாகவும் இருந்தது.

வெளிநாட்டுக் குழுவிலிருந்து வந்த கடிதத்தை ஒரு காலை டொக்டர் சந்தோசமாக வாசித்துக் காட்டினார். உங்கள் கடற்கரையில் போர் வெடியின் பாதிப்பு பல வருடம் கழித்து வெளிப்படுகிறது, அதுவும் கதவு தட்டும் சத்தம்தான் முதலில் போகிறது, இது புதிய விசயம், எழுதி வெளியிடப் போகிறோம், மற்ற நாடுகளிலும் கதவைத் தட்டிச் சோதிக்கலாம் என்று இருந்தது. ஜெயரூபியின் முகம் பூரித்துப் போயிற்று.

இன்ஷிராதான் சிரித்தாள். "ரூபிக்கா, கரையில ஆர் கதவத் தட்டுற? வேலிப் படலையில நிண்டெல்லோ கூப்பிடுவாங்க."

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஜெயரூபி பொடியன்களின் பதில்களைக் கணினியில் திரும்ப எடுத்துப் பார்த்தாள். உண்மைதானே. அந்தக் கரையில் பாதி வீட்டுக் கதவு பகலில் சாத்தப்படுவதே இல்லை. அப்படியென்றால் இந்தப் பொடியன்களுக்குக் கேட்காமல் போனது எந்தத் தட்டு?

காதுக்கருவி எடுக்க வந்த கிருஷாந்தை வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். முகத்தை அவனுக்கு நேரே வைத்துக்கொண்டு, எந்தத் தட்டு என்று கேட்டாள். அவன் சொல்லிவிட்டான். "வெடி போடுறது அக்கா. மீனுக்கு. வெடிச்ச உடனே ஒராள் இறங்கி, செத்த மீனைப் பொறுக்கவேணும். அதுக்கிடையில வேற மீன் கூட்டம் வந்தா அடுத்த வெடி போடுவினம். போட முதல் துடுப்பால போட்டில தட்டுவினம். தட்டினா மேல வந்திட வேணும்."

"கேக்காட்டி?"

"நான் இப்ப இறங்குறேல்ல. காது போனது தெரிஞ்சா மேல போட்டில ஏத்திப் போடுவினம்" என்றான்.

அன்று பின்னேரம் தர்மிகன் புட்டைக் குழைத்துக்கொண்டிருக்கும்போது அவள் நேரே கேட்டாள். அவன் மறைக்கவில்லை. மறைக்காததுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது.

"தட்டுறது கேக்கேல்ல எண்டு நீயே சொன்னனி. பிறகு எப்படியடா இறங்குறாய்?"

"பாத்துப் பாத்து வருவன் அக்கா. கேக்காதது போட்டில ஒருத்தருக்கும் தெரியாது. தண்ணி எனக்குப் பழக்கம்."

"செத்துப் போவாய்."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. இந்தக் கச்சான் காத்து மாறிச் சீசன் முடியட்டும், விடுறன். நீங்கள் ஒருத்தருக்கும் கதைச்சுப் போடாதேங்கோ. கதைச்சா பிடிச்சு உள்ள போடுவாங்கள்."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது, கட்டிப்பிடித்து அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் டொக்டரிடம் பாதியைத்தான் சொன்னாள்: கதவு தட்டுதல் என்று போட்டது பிழையாக இருக்கலாம். "அப்ப என்ன தலைப்புப் போட?" என்று கேட்டார். வெடி என்ற சொல் அவள் வாய்வரை வந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் பொலிஸ் ஜீப்பும் தம்பியும் நின்றார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். "ஆறுதலா விசாரியுங்க, அவசரமில்ல" என்றார் அந்த நல்ல மனிசன்.

அவசரமில்லாமல் நாட்கள் போயின. கச்சான் காற்று மாறவில்லை. தர்மிகனின் கண் வெள்ளையில் இரத்தம் கட்டியிருந்தது. உப்புத் தண்ணி என்றான். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டான். குசினியில் சட்டி விழுந்தாலும் திரும்பமாட்டான். அவன் கடலுக்குப் போகும் நாளெல்லாம் ஜெயரூபிக்குச் சோறு இறங்காது. வேலைத்தலத்தில் மேசையை யாராவது தட்டினால் உடம்பு தூக்கிப்போடும். வெளிநாட்டிலிருந்து கட்டுரையின் முதல் வரைவும் வந்துவிட்டது. அதில் கதவு இருந்தது, போர் இருந்தது. கடல் இல்லை. இனி உலகத்தில் எந்தக் கடலோரத்து டொக்டரும் இப்படி ஒரு பொடியனைக் கண்டால், தண்ணீருக்குள் இறங்காதே என்று சொல்லமாட்டார், கதவைத் தட்டிப் பார்ப்பார். அதை நினைக்க அவளுக்கு வெட்கமும் ஆத்திரமும் வந்தன.

அதற்கு மேல் தாங்க ஏலாமல்தான் அவள் தலைப்பை மாற்றினாள். காரணம்: கடலுக்குள் வெடி. முதலில் கேட்காமல் போன சத்தம்: தண்ணீருக்குள் இருப்பவரை மேலே அழைக்கும் தட்டு. கிருஷாந்தை மாற்றினாள், மற்றவர்களை மாற்றினாள். தம்பியின் இடம் வந்ததும் கை நின்றது. பிறகு அதையும் மாற்றிவிட்டு டொக்டரைக் கூப்பிட்டாள்.

முனீப் நின்றபடியே வாசித்தார். வாசித்ததைத் திரும்ப வாசித்தார்.

"இதில உங்கட தம்பியும் இரிக்காரா?"

"ஓம் டொக்டர்."

"பெயர் ஒண்டும் வெளிய போகாது. அதைப் பிறகு பாப்பம். முதல்ல போய் அவரத் தண்ணியில இருந்து ஏத்துங்க. இப்பவே போங்க."

ஓட்டோவில் இருந்து தம்பிக்குக் கோல் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடலில் இருந்தால் போனைக் கரையில் வைத்துவிட்டுப் போவான், கரையில் இருந்தால் கேட்டிருக்காது. எது என்று தெரியாமல் திரும்பத் திரும்ப எடுத்தாள்.

கரையில் போட் ஏற்றப்பட்டிருந்தது. ஆட்கள் கூடி நின்றார்கள். அவளைக் கண்டதும் விலகினார்கள். மணலில் சாரத்தால் மூடிக் கிடந்தது யார் என்று அவள் கேட்கவில்லை. கால் அவன் கால். பக்கத்தில் கிருஷாந்த் நனைந்துபோய்க் குந்தியிருந்தான், காதில் கருவி இல்லை. இறங்க ஏலாதவனுக்கு மேலே கொடுத்திருந்த வேலை அதுதான்: தட்டுவது.

அவள் அவனுக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் தாடையைப் பிடித்துத் தன் உதட்டுக்கு நேரே திருப்பினாள்.

"தட்டினியோ?"

"தட்டினனான் அக்கா. நல்லாப் பெலமாத் தட்டினனான்."

"பெலமாத் தட்டினது எண்டு உனக்கு எப்படித் தெரியும்? உனக்குக் கேட்டதோ?"

கிருஷாந்த் தன் வலக்கையை விரித்துப் பார்த்தான்.

"கை நொந்தது அக்கா" என்றான்.