செல்போனுக்குச் சுத்திப் போட்டேன்

அடுத்தவ வீட்டுக் கதைன்னா வந்து சம்மணம் போட்டு உக்காந்துருவியே, ஒனக்கு வேற சோலியே இல்லையாடி? சரி, கேட்டுத் தொலை. பேரச் சொல்லாமச் சொல்லலாம்னு எம் பேத்தி சொல்லிட்டா.

போன ஐப்பசியில, வடமதுரைப் பக்கம் எங்க வீட்டுல நடந்துச்சு. பேத்தி டாக்டருக்குப் படிச்சு, பெரியாஸ்பத்திரியில பயிற்சியில இருந்தா. திடீர்னு பையத் தூக்கிக்கிட்டு வந்து, "இனிமே போக மாட்டேன் அப்பத்தா"ன்னா. கறிக்கொழம்பு வச்சாலும் தட்டுல கோலம் போடுறா, வாயில வைக்கல.

ஞாயித்துக்கெழம மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டு செல்லுல குசுகுசுன்னு பேச்சு. ஆகா, மாப்பிள்ளை சிக்கிட்டான்டான்னு கதவத் தள்ளுனேன். பாத்தா, செல்லு பூராம் கட்டம் கட்டமாப் புள்ளைக! எல்லாம் இவள மாதிரி சின்ன டாக்டருக, வேற வேற ஊரு. அதுல ஒரு பய தேம்பித் தேம்பி அழுகுறான்.

"அழுகாத ராசா, ஒரு கல்யாணத்தப் பண்ணுனா சரியாப்போகும்"னேன்.

பேத்தி மொறச்சா. "அப்பத்தா, இங்க யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. கேக்கணும், அம்புட்டுதான். கேட்டத வெளியில சொல்லவும் கூடாது."

என்னையப் போயி வாய மூடச் சொல்றா! முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்தேன். அந்தப் பய முடிச்சதும் ஒரு புள்ள, "எனக்கும் இப்படித்தான்டா இருந்துச்சு"ன்னா. அதுக்கப்பறம் எம் பேத்தி வாயத் தொறந்தா. பெத்தவககிட்டக்கூடச் சொல்லாததையெல்லாம் கொட்டிக் கொட்டி அழுதா.

புத்திதான சொல்லக் கூடாது? அடுப்படிக்குப் போயி உப்பு மொளகா எடுத்தாந்து அவளச் சுத்துனேன். அழுத பய, "பாட்டி, எங்களுக்கும்"ங்கிறான். செல்லையும் சேத்துச் சுத்தி, மொளகாய அடுப்புல போட்டேன். ஒரு கமறல் வரணுமே, வரல!

"இம்புட்டுக் கண்ணாடா ஒங்க மேல!"ன்னு நான் கத்துன கத்துல அம்புட்டு டாக்டரும் சிரிச்சுட்டாக. எம் பேத்தியும் சிரிச்சா. அன்னிக்கு ராத்திரி ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னா.

மறுவாரம் அந்தக் கூட்டத்துப் புள்ள ஒருத்தி தொணைக்கு வர, மனசுக்குப் பாக்குற டாக்டரப் பாத்துட்டு வேலைக்குத் திரும்பிட்டா. ஞாயித்துக்கெழமக் கூட்டத்த மட்டும் இன்னும் விடல.

அவ அழுதது என்னத்துக்குன்னு ஒனக்கும் சொல்ல மாட்டேன். என்னையப் பக்கத்துல வச்சுக்கிட்டு அழுதாள்ல, அது போதும்.

அன்னிக்குத் தெருக்காரிக விட்டாளுகளா? "அழுக சத்தம் கேட்டுச்சே, என்ன விசயம்?"னு வந்துட்டாளுக. "சின்ன வெங்காயம் உரிச்சோம்டி. நாளைக்கும் உரிப்போம், நீங்களும் வாங்க. செத்த நேரம் அழுதுட்டுப் போனா மனசு லேசாகும், ஏன்னு ஒருத்தியும் கேக்க மாட்டோம்"னேன்.