குழாய்க்குள் இருந்து வந்த பதில்

குச்சவெளியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது சாவுச் செய்தி வந்தது. "பிலோமினா அக்கா மோசம் போயிட்டா, ஐயா" என்று எங்கள் பழைய காவலாளி இராசதுரை தொலைபேசியில் சொன்னார். "ஓம்" என்றேன். இறங்கவேண்டிய இடம் வருமுன்பே இறங்கி, வீதியோரம் வெகுநேரம் நின்றேன்.

துறைமுகத்தடித் தென்னந்தும்புக் களஞ்சியத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா அங்கே தீயணைப்புப் பம்பை இயக்கியவர். நான் களஞ்சியப் பொறுப்பாளன்.

ஒரு வருடம் வறண்ட கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து நகரத் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. பம்ப் அறையை ஒட்டிய சீமெந்துத் தண்ணீர்த் தாங்கிக்குள் பிலோமினா தினமும் காலையில் டோர்ச் அடித்துப் பார்ப்பார். ஒருநாள் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் கால்வாசிக்கும் கீழே கிடந்தது. நாங்கள் கதைத்தது உள்ளே போய், சற்றுப் பிந்தி, வேறு யாரோ கதைப்பதுபோலத் திரும்பி வந்தது.

"இன்னும் இறங்கினா பம்ப் காத்தை இழுக்கும், அண்ணை. காத்தை இழுத்த பம்ப் பேந்து தண்ணியைத் தூக்காது" என்றார். தண்ணீர்ப் பவுசர் வண்டி கேட்டுக் கடிதம் எழுதினேன். அது வருமுன் தீ வந்துவிட்டது.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளை. தும்புப் பொதிகளுக்குள் தீ சுவாலை காட்டாமல் புகைந்துகொண்டிருந்தது. வாசலில் இருவர் ஹோஸைப் பிடித்து, சுவரோரம் அடுக்கியிருந்த டீசல் பீப்பாக்களை நனைத்தார்கள். பின்பக்க ஹோஸுடன் நான் தனியே உள்ளே போனேன். சில நிமிடங்களில் என் கையிலிருந்த ஹோஸ் உயிர் போனதுபோல் தளர்ந்தது. தண்ணீர் நின்றுவிட்டது. புகையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. பிலோமினா வால்வை மூடிவிட்டார் என்று உடனே விளங்கியது. அவர்மேல் அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்று மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. பம்ப் அறையிலிருந்து சுவர் நெடுக வரும் இரும்புக் குழாயில் அது அதிர்ந்தது. குழாயைக் கையால் தடவிக்கொண்டு, சத்தம் வந்த திசைக்குத் தவழ்ந்தேன். சிறிய கதவு வழியாகப் பம்ப் அறைக்குள் விழுந்தேன்.

பிலோமினாவின் ஒரு கை வால்வில் இருந்தது. மற்றக் கையில் ஸ்பானர். கண் தாங்கியின் துவாரத்தில். தண்ணீரில் சுழி விழத் தொடங்கியிருந்தது. எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, வாசல் ஹோஸுக்கு மட்டும் விட்டிருந்தார்.

"அண்ணையோ? உள்ளுக்கை வேற ஆரும் நிக்கினமோ?"

"இல்லை. நான் உள்ளுக்கை வர முன்னமே இராசதுரை வரவுப் பதிவைப் பாத்திட்டார். எல்லாரும் வெளியில."

பிலோமினா குழாயில் மூன்று முறை தட்டிவிட்டுக் காதுகொடுத்துக் காத்திருந்தார். குழாய்க்குள் இருந்து மூன்று தட்டல் திரும்பி வந்தது.

"சூட்டுக்கு இரும்பு சத்தம் போடுது" என்றேன். அவர் ஐந்து முறை தட்டினார். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். ஐந்து வந்தது.

"வாசல் ஹோஸை நிப்பாட்டப்போறன். பீப்பாவளைக் கடல் பக்கம் உருட்டச் சொல்லுங்கோ. மிச்சத் தண்ணி முழுக்கப் பின்னுக்கு விடுறன். சுருக்கா வந்திடுங்கோ அண்ணை, கனநேரம் தர ஏலாது."

நானும் இராசதுரையும் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனோம். ஹோஸில் விரல் தடிப்பில் தண்ணீர் வந்தது. குழாயோரமாகவே போய், கடைசி அடுக்குக்குப் பின்னால் ஒருவரைக் கண்டோம். காலையில் பொதி ஏற்றிவந்த லொறிச் சாரதி. தேத்தண்ணிக் கடையில் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தவர் அங்கே நிழலில் படுத்திருந்திருக்கிறார். இழுத்துக்கொண்டு கதவைத் தாண்டும்போது பம்ப் கல்லை மெல்லுவதுபோல் கரகரத்தது. பிலோமினா எஞ்சினை நிறுத்தினார். பிறகு வந்த தீயணைப்பு வண்டி கடலிலிருந்து தண்ணீர் எடுத்தது. களஞ்சியத்தில் பாதி போயிற்று. ஆள் பிழைத்தது.

ஆஸ்பத்திரியில் சாரதியைப் பார்க்கப் போனேன். "தட்டினது நல்ல வேலை, தம்பி" என்றேன்.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "நான் ஒண்டும் தட்டேல்லை, ஐயா. நித்திரையிலயே மயங்கிப்போனன். கண் முழிச்சது இஞ்சதான்."

திரும்பி வந்து பிலோமினாவிடம் சொன்னேன். கதிரையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "ஆள் இருந்ததுதானே, அண்ணை" என்றார். அதற்குமேல் அந்தக் கதையை இருவரும் எடுக்கவில்லை.

போன மாதம் கட்டைபறிச்சானில் பிலோமினாவை அவரது மகள் வீட்டில் பார்த்தபோது, என்னை உள்ளே வைத்துக்கொண்டு தண்ணீரை நிறுத்தியது ஏன் என்று கேட்டேன். இத்தனை வருடம் கேட்காத கேள்வி அது.

"பீப்பா வெடிச்சிருந்தா நீங்களும் இல்லை, நானும் இல்லை. உங்களைப் பாக்க ஓடி வந்திருந்தா வால்வை ஆர் பிடிக்கிறது? அதுதான் தட்டினனான்." பிறகு சொன்னார்: "நீங்கள் வருமட்டும் எனக்கும் பயம்தான், அண்ணை. உங்களுக்குத் தெரியாது."

என் கோபத்தின் கடைசித் துளி அன்றுதான் போனது.

எல்லாரும் வெளியில் என்று நான் சொன்ன பிறகும் அவர் காத்திருந்தாரே, அந்த ஒரு நிமிடத்தை நான் வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் ஆளில்லை என்று நன்றாகத் தெரிந்த அறையாக இருந்தாலும், "ஆரும் இருக்கிறீங்களோ?" என்று ஒருமுறை கேட்டு, பதில் வருவதற்கு நேரம் கொடுத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன்.