எட்டணா இடுப்பு வலி

நயா பைசா வந்த வருஷம், வெங்கடம்மாவின் இடுப்பு வலி ஒரே வாரத்தில் எட்டிலிருந்து ஐம்பதுக்கு ஏறியது. அதனால் அவர் உடம்பைச் சுற்றி பிளாஸ்டர் கட்டு விழ இருந்தது.

நான் அப்போது பிசியோதெரபி மாணவி. படிப்பு பம்பாயில், பயிற்சி கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில். பிசியோதெரபி என்ற சொல் அங்கே யார் வாயிலும் நுழையவில்லை. வலிக்குச் சூடு காட்டும் சிவப்பு விளக்கு இருந்ததால் எங்கள் அறை 'சிவப்பு லைட் ரூம்', நான் 'லைட்டுக்காரம்மா'.

வலியை எப்படி அளப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நோயாளிகளே ஒரு வழி வைத்திருந்தார்கள். தாங்க முடியாத வலி பதினாறணா, அதாவது முழு ரூபாய்; பாதி வலி எட்டணா. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்தப் பாஷையில் முனகினாலும் அணாக் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது.

வெங்கடம்மா வேப்பனப்பள்ளிப் பக்கம், மாந்தோப்புக்காரர். பல வருஷத்து இடுப்பு வலி. முதல் தடவை மாட்டு வண்டியில், வைக்கோல் மேல் படுத்தபடியே வந்து இறங்கினார்.

"எட்டணா நோவு, அம்மாயி," என்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சின்னப் பெண்கள் எல்லோரும் அவருக்கு அம்மாயிதான்.

"வலி குறையலைன்னா பிளாஸ்டர் போட்டு மூணு மாசம் படுக்க வெச்சிடுவேன்," என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் காலத்து வைத்தியம் அப்படித்தான். ஆனால் மூன்று மாசத்தில் மாங்காய் சீசனே முடிந்துவிடும். தோப்பை இன்னொருத்தர் கையில் விடுவதென்றால் வெங்கடம்மாவுக்கு உயிரே போகும்.

"நான் எந்திரிக்கிற வரைக்கும் மாங்கா மரத்துலயே காத்துக்கிட்டு கெடக்குமா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

எனக்கோ அவரைப் படுக்க வைக்கக் கூடாது, நடக்க வைக்க வேண்டும் என்று பட்டது. லைட் வைத்து, மெல்ல மெல்லப் பயிற்சி கொடுத்தேன். ஒருநாள் வந்தவர், "பன்னெண்டணா" என்றார். நிறுத்துவதா, தொடர்வதா? பாதத்தைத் தூக்கச் சொன்னேன்; தூக்கினார். மரத்துப்போன இடம் ஏதும் உண்டா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், இல்லை. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு, நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ சொன்னதை டபுளா செஞ்சன். சீக்கிரம் சரியாவட்டும்னுதான்."

பயிற்சியைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. வலி எட்டணாவுக்குத் திரும்பியது. அதற்குக் கீழே இறங்குவேனா என்று அடம்பிடித்தது.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் எங்கள் ரூமுக்கு வந்தார்.

"ஏம்மா, வலி எவ்வளவு?"

"அம்பது," என்றார் வெங்கடம்மா.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "போன வாரம் எட்டுன்னாங்க. என்ன பண்ணித் தொலைச்சே?"

"நயா பைசா, சார். ரூபாய்க்கு நூறு, எட்டணாவுக்கு அம்பது."

"பஸ் கண்டக்டர் சொன்னான். இனிமே அணாக் கணக்கு செல்லாதாமே," என்றார் வெங்கடம்மா.

ரூமே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப அதே பாதி வலிதானே? ஒண்ணும் குறையல. பிளாஸ்டருக்கு ஏற்பாடு பண்ணு," என்றார்.

வெங்கடம்மாவின் முகம் வாடிவிட்டது. பெரிய டாக்டரை மாணவி மறுத்துப் பேசுகிற வழக்கம் அங்கே கிடையாது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"சார், மொதல்ல இவங்க வண்டியில படுத்துக்கிட்டு வந்தாங்க. இன்னைக்கு பஸ்ல வந்திருக்காங்க."

டாக்டர் புருவத்தைத் தூக்கினார். "அவ்வளவு தூரம் பஸ்ல உக்காந்தா வந்தே?"

"உக்கார எங்க சாமி எடம்? இந்தக் கூடையோட நின்னுக்கிட்டுதான் வந்தன்." காலடியில் கூடை நிறைய மாங்காய்.

"அப்ப நோவு?"

"நோவு அதே எட்டணாதான். முன்னெல்லாம் மிச்ச எட்டணாவும் நோவுக்கே போயிடும். இப்ப அது என்னுது."

டாக்டர் குனிந்து கூடையைப் பார்த்தார். பிறகு, "பிளாஸ்டர் வேணாம்," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடை என்ன கனம் என்று பார்க்க அதை ஒரு கையால் தூக்கிய டாக்டர், சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு, சாமி?" என்றார் வெங்கடம்மா.

"இருபத்தஞ்சு," என்றார் டாக்டர்.

இப்போது பிசியோதெரபி படிக்கிற உங்களுக்கு, வலியைக் கேட்கப் பூஜ்யம் முதல் பத்து வரை அளவு இருக்கிறது. கேளுங்கள். அந்த எண் இறங்கவில்லை என்று உடனே சோர்ந்துபோகாதீர்கள். மிச்சத்தை வைத்துக்கொண்டு இந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.