ஸ்டொக் காரில் ஏறிய அரிசி

பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அமெரிக்கர். வெர்மொண்டில் பிறந்து, கியூபெக் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். கிழமை நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். கோடைச் சனிக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன வட்டப் பாதையில் ஸ்டொக் கார் பந்தயம். பழைய காரின் வயிற்றைக் காலிசெய்து, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி ஓட்டுவது. பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. தகுதிச் சுற்றைத் தாண்டி இறுதி ஓட்டத்துக்கு ஒருநாளும் போனதில்லை. இந்தப் பருவத்தோடு நிறுத்தவேண்டும் என்று மனைவி சொல்ல, அவரும் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரேயொரு இறுதி ஓட்டம் வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

என் அண்ணை செயின்ட்-மிஷேலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது வேலிக்கு மேலால் அமெரிக்கரோடு கதைத்தார். சனிக்கிழமைகளில் என்ன வேலை என்று கேட்க, ஸ்டொக் கார் என்று பதில் வந்தது. அண்ணைக்கு ஸ்டொக் என்றால் கடைச் சாமான். எங்கள் கடைக்கும் வருமா என்று கேட்டார். காரைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்த அமெரிக்கர், கட்டாயம் கொண்டுவருகிறேன் என்றார்.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, பந்தயத்துக்குப் போகிற வழியில் அண்ணையின் கடை வாசலில் இழுவை வண்டியிலிருந்து காரை இறக்கிவிட்டு, அவரும் நானும் கோப்பி வாங்கப் போனோம். திரும்பி வந்தால் காருக்குள் அரிசி மூட்டைகள். கதவுகள் பற்றவைத்து மூடியவை என்பதால் ஜன்னல் வழியாக ஏற்றியிருந்தார்கள்.

"என்னண்ணை இது?"

"லவால் கலியாண மண்டபத்துக்குப் போற அரிசி. ஏன், சீற்றெல்லாம் கழட்டி வைச்சிருக்கிறார், சாமான் ஏத்தத்தானே?"

"இது ரேஸ் ஓடுற கார்."

"கதவே திறக்குதில்லை. இதிலயோ ரேஸ்?"

அமெரிக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நேரத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். மூட்டைகளை இறக்கும்போது ஒன்று கிழிந்தது. சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது பயிற்சி ஓட்டம் முடிந்திருந்தது. பிந்தி வந்ததால் தகுதிச் சுற்றில் எல்லோருக்கும் பின்னால் நிறுத்தினார்கள். கூடவே வந்திருந்த அண்ணை ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

முதல் வளைவிலேயே முன்னால் போன கார்கள் ஒன்றோடொன்று மோதிச் சுழன்றன. கடைசியில் வந்தவருக்கு அதைப் பார்த்து விலக நேரம் இருந்தது. உட்பக்கமாக நழுவிப் போய், இறுதி ஓட்டத்துக்கான கடைசி இடத்தைப் பிடித்தார்.

இறுதி ஓட்டத்தில் எல்லோரும் அவரை முந்திப்போனார்கள்.

"கடைசியாத்தானே வந்தவர்? என்னத்துக்குச் சிரிக்கிறார்?" என்றார் அண்ணை.

"பைனல்ல கடைசி, அண்ணை."

"ஓ, அப்ப சரி."

அந்தக் காரில் ஸ்டியரிங்கைக் கழற்றினால்தான் ஓட்டுபவர் வெளியே வரலாம். அவர் சற்று நேரம் உள்ளேயே இருந்தார். பிறகு அதைக் கழற்றி, பந்தயம் பார்க்க வந்திருந்த மனைவியிடம் ஜன்னல் வழியாக நீட்டினார். மனைவி அதை வாங்கி, குளிர்பானம் கொண்டுவந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.